குழாயடியில் என் அம்மா

போன சனிக்கிழமை ராத்திரி, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு லேப்டாப்பில் ‘டியூஸ்டே’ படம் பார்த்தேன். அதில் வரும் பெண்ணின் பெயரே செவ்வாய்க்கிழமை. நம் ஊரில் ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று சொல்லி அந்தக் கிழமையில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். லண்டனில் பிள்ளைக்கே வைத்திருக்கிறார்கள். பதினைந்து வயது. சக்கர நாற்காலி, மூச்சுக்கு ஆக்சிஜன். அவளைக் கூட்டிப்போக எமன் வருகிறான், பஞ்சவர்ணக்கிளியாக.

எருமை இல்லை, பாசக்கயிறு இல்லை. இறகெல்லாம் அழுக்கேறி, சொறி பிடித்த மாதிரி ஒரு கிளி. நினைத்தால் அறையை அடைத்துக்கொண்டு வளர்கிறது, நினைத்தால் காதுக்குள் போகிற அளவு சுருங்கிவிடுகிறது. சாகக் கிடக்கிற அத்தனை உயிர்களின் குரலும் அதன் மண்டைக்குள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண் அலறவில்லை. அதற்கு ஒரு ஜோக் சொல்கிறாள். இரைச்சல் அடங்குகிறது. அப்புறம் குளிப்பாட்டி விடுகிறாள். இரண்டும் சேர்ந்து ஐஸ் கியூபின் ராப் பாட்டு ஒன்றைப் பாடுகின்றன. கிளிக்குக் குரல் அரின்சே கேனே. கிளியை கம்ப்யூட்டரில்தான் உருவாக்கினார்கள் என்றாலும், படப்பிடிப்பில் அவரே எதிரில் நின்று நடித்திருக்கிறார். ரொம்ப நாள் பேசாமல் இருந்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல்.

இயக்கியவர் டைனா ஓ. புசிச், குரோஷியாக்காரர். குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். 2023இல் அமெரிக்காவின் டெல்லுரைடு திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள். முதல் படத்துக்கே இப்படி ஒரு கதையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பணம் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

சரி, நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. படத்தில் அவள் பெயர் ஸோரா. ஜூலியா லூயி-டிரைஃபஸ் நடித்திருக்கிறார். ‘சைன்ஃபெல்ட்’, ‘வீப்’ என்று டிவி காமெடித் தொடர்களில் ஆயுசு முழுக்கச் சிரிக்க வைத்தவர். ஸோரா காலையில் வேலைக்குப் போகிற மாதிரி கிளம்புகிறாள். வேலை எதுவும் இல்லை. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத்தான் மகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்குச் சம்பளம். பாதிரியார் உடுப்பு மாட்டிய பாடம் செய்த எலிகளைக்கூட விற்கப் பார்க்கிறாள். மிச்ச நேரமெல்லாம் வெளியிலேயே கழிக்கிறாள். மகள் போன் பண்ணுகிறாள். எடுக்கவில்லை.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

1994. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி. அக்காவுக்கு 14 வயது, எனக்கு 10. அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. அப்பா கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில் எந்நேரமும் இருந்தது பெரியம்மா. அம்மா தினமும் பஸ் ஏறி, நாலு அடுக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுவருவாள். மாடிப்படி வரைக்கும் வருவாள். கேரியரை என் கையில் கொடுத்து, “சூடா இருக்கு, பாத்துத் தூக்கிட்டுப் போ” என்பாள். நாங்கள் சாப்பிட்டு முடித்து நான் காலிப் பாத்திரத்தோடு இறங்கி வரும்வரை கீழேயே நிற்பாள்.

பிறகு குழாயடி. ஒயர் கூடையில் தேங்காய் நாரும் காகிதத்தில் மடித்த சபீனாப் பொடியும் இருக்கும். அடுக்கு அடுக்காகத் தேய்ப்பாள். சாம்பார் மஞ்சள் ஒட்டிய விளிம்பைச் சுண்டுவிரல் நகத்தால் சுரண்டுவாள். கேரியரின் கம்பியைக்கூட விடமாட்டாள். அடி டப்பாவில் அக்கா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், காதுகுத்துக்கு மாமா வாங்கிக் கொடுத்தது. அந்த எழுத்துகளுக்குள் நாரை விட்டுவிட்டுத் தேய்ப்பாள். கழுவி, வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி முதல் டப்பாவிலிருந்து ஆரம்பிப்பாள். பின்னால் குடத்தோடு நிற்பவர்கள் திட்டினால்தான் நகர்வாள். ஒரு மணி நேரமாவது ஆகும். அப்புறம் பஸ் ஏறிப் போய்விடுவாள். அந்தக் கடைசி இருபது நாளில் அவள் மாடிக்கு வந்தது மூன்று தடவையோ நான்கு தடவையோ.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி “கல்நெஞ்சுக்காரி” என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன், ரொம்ப வருஷத்துக்கு. நம் சினிமா அம்மாக்களும் இதற்கு ஒரு காரணம். பிள்ளை படுத்துவிட்டால் கட்டிலை விட்டு அசையாத அம்மாக்களைத்தானே நாம் பார்த்து வளர்ந்தோம்.

திரும்பிவந்து மீதிப் படத்தைப் பார்த்தேன். கிளி யார் என்று ஸோராவுக்குத் தெரிகிறது. அவள் காலில் விழவில்லை. தோட்டத்தில் வைத்துப் புத்தகத்தாலேயே அதை அடிக்கிறாள், கொளுத்துகிறாள், அப்போதும் அது சாகாததால் வாயில் போட்டு விழுங்கிவிடுகிறாள். எமன் அவள் வயிற்றுக்குள். வெளியே ஒருவருக்கும் சாவு வருவதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, பார்க்கக் கண்றாவி. வெட்டுப்பட்டதும் நசுங்கியதும் முடியாமல் துடித்துக்கொண்டே கிடக்கின்றன.

இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. அம்மாவுக்கு மண்ணச்சநல்லூர்ப் பக்கம். அங்கே பக்கத்தில் திருப்பைஞ்ஞீலி, தேவாரப் பாடல் பெற்ற தலம். திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்துக் கொன்றதோடு நாம் கதையை முடித்துக்கொள்கிறோம். அறுபதாம் கல்யாணத்துக்கு அங்கே போகிறவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. மீதிக் கதை திருப்பைஞ்ஞீலியில் இருக்கிறது. எமன் இல்லாததால் உயிர்கள் பெருகி, பாரம் தாங்காமல் பூமாதேவி முறையிட, சிவன் எமனுக்கு மறுபடி உயிர் கொடுத்த இடம் அது. குடைவரைச் சன்னதியில் எமன் சுவாமியின் காலடியில் குழந்தையாக இருக்கிறான். ஆத்தா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். அக்கா அந்தக் குழந்தைக்கு டாட்டா காட்டினாள்.

படம் பிற்பாதியில் தடுமாறுகிறது. எமனை விழுங்கிய ஸோராவே பெரிதாக வளர்ந்து, மகளை முதுகில் சுமந்துகொண்டு, தவித்துக் கிடக்கிற உயிர்களை முடித்துவைக்கப் போகிறாள். அபாரமான கற்பனை, ஆனால் நின்று பார்க்க விடாமல் ஓட்டிவிடுகிறார்கள். கடைசியில் கிளி பேசுவதும் கொஞ்சம் அதிகம். மகளாக வரும் லோலா பெட்டிக்ரூ நன்றாகவே செய்திருந்தாலும், நோய்க்கு முந்தைய அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இருக்கட்டும். பிள்ளையின் அறைக்குள் போகமுடியாத ஒரு அம்மாவைத் திட்டாமல் ஒரு படம் கூடவே நடந்திருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். கிளி என்றதும் சிரித்தாள்.

“முழுங்கிட்டாளா?”

“ஆமாம்மா.”

“நல்லா பண்ணா.”

கொஞ்ச நேரம் நானும் கீரை உருவினேன். பிறகு கேட்டேன், “ஏம்மா, அப்ப ஆஸ்பத்திரியில நீ மேல வரவே மாட்டியே?”

அவள் நிமிரவில்லை. “வந்தா, எப்பம்மா வீட்டுக்குப் போறோம்னு கேப்பா.”

காம்புகளைப் பொறுக்கி ஒதுக்கினாள். முறத்தைத் தட்டினாள். உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

“அந்தக் கிளி அப்புறம் அவ வீட்டுக்கு வந்துச்சா?”

“வந்துச்சும்மா. கடைசில ஒருவாட்டி, அவளப் பாக்க.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”