வேதாகம ஆலோசனைத் தாளை நான் படித்த விதம்

இறையியல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் வேதாகம அடிப்படையிலான ஆலோசனை எங்களுக்கு ஒரு தாளாக இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்த வசனங்களே போதும் என்று நினைத்து, அதை நான் கடைசி வாரத்திற்குத் தள்ளி வைத்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை எழுத்துத் தேர்வு வருமுன்பே உரையாடல் அறிக்கை காட்டிக் கொடுத்தது.

உரையாடல் அறிக்கை என்பது, ஒருவரைச் சந்தித்துத் திரும்பியவுடன் அவர் சொன்னதையும் நாம் சொன்னதையும் நினைவிலிருந்து வரி வரியாக எழுதி, பக்கத்தில் நம் மனநிலையையும் குறித்துக் கொடுப்பதாகும். கணவரை இழந்து இரண்டு மாதமே ஆன ஒரு தாயாரிடம் பேசியதை எழுதிக் கொடுத்தேன். நான்காவது வரியிலேயே ரோமர் 8:28-ஐ எடுத்து, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று சொல்லியிருந்தேன். எங்களுக்கு அந்தத் தாளை நடத்திய ஐயா அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'நீதிமொழிகள் 18:13' என்று மட்டும் எழுதியிருந்தார். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனைப் பற்றிய வசனம் அது. நான் சொன்ன வசனத்தில் பிழையில்லை. அந்தத் தாயார் அதற்குப் பிறகு 'ஆமாங்க ஐயா' என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை என்பதை என் அறிக்கையே காட்டியது.

படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது 1 தெசலோனிக்கேயர் 5:14-ஐ. ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லவும், திடனற்றவர்களைத் தேற்றவும், பலவீனரைத் தாங்கவும் பவுல் சொல்கிறார். மூன்றுக்கும் கிரேக்கத்தில் வெவ்வேறு வினைச்சொற்கள். 1970-இல் அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் முன்வைத்த 'நூதெடிக்' ஆலோசனை முறை, இவற்றில் முதல் சொல்லான 'நூதெதெயோ' (புத்திசொல்லுதல்) என்பதிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. அவரைப் பற்றிய வினா வந்தால், ஒருவருக்கொருவர் புத்திசொல்லும் பொறுப்பை ரோமர் 15:14-ஐக் கொண்டு அவர் திருச்சபைக்கு மீட்டுக் கொடுத்ததை எழுதுங்கள். துக்கத்தில் இருப்பவருக்கும் மனநோயால் வாடுபவருக்கும் புத்திசொல்லுதல் மட்டும் போதுமா என்ற கேள்வியையும் எழுதுங்கள். போதாது என்பதே என் கருத்து. அதற்குச் சான்று வேதத்திலேயே இருக்கிறது. 1 இராஜாக்கள் 19-இல், சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்திருந்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது தழலில் சுடப்பட்ட அடையும் தண்ணீரும். அவன் மறுபடியும் தூங்கினான். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி அவன் ஓரேப் மலைக்குப் போன பிறகே வந்தது. எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல ஆலோசகர்களாகவே இருந்தார்கள்!

வாய்மொழித் தேர்வில் என்னைத் தடுமாற வைத்தது இரகசியம் காத்தல் பற்றிய கேள்வி. எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பேன் என்றேன். ஒரு சிறுமி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்பதை அன்றுதான் அறிந்தேன். இப்போது யாரிடம் பேச உட்கார்ந்தாலும், ஜெபிப்பதற்கு முன்பே அந்த எல்லையைச் சொல்லிவிடுகிறேன். தற்கொலை எண்ணம் தெரிந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐக் கொடுத்து, மருத்துவரிடம் கூடவே போகிறேன்.