செவ்வாய்க்கிழமை நண்டு

எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் பங்கீடு தானாக நடந்துவிடும். தலை மாமனாருக்கு. நடுத்துண்டு வீட்டுக்காரருக்கும் மகனுக்கும். மகளுக்கு முள் இல்லாத துண்டு. அதையும் நான்தான் ஆய்ந்து தர வேண்டும். வால் எனக்கு. யாரும் சட்டம் போடவில்லை, கல்யாணமான நாளிலிருந்து அது பாட்டுக்கு என் தட்டில் வந்து விழுகிறது. நண்டு வாங்கினால் இன்னும் மோசம். ஆளாளுக்கு ஓட்டை உடைத்துச் சதை எடுத்துக் கொடுத்து நிமிர்வதற்குள் என் சோறு ஆறிப் போயிருக்கும். எனக்கு மிஞ்சுவது விரலில் வாசம்தான்.

அதனால்தான் மண்டபத்தில் ஒரு மெஸ்ஸுக்கு அவ்வப்போது தனியாகப் போக ஆரம்பித்தேன். நான் உச்சிப்புளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பாம்பனில் சில வாடிக்கையாளர்கள் உண்டு. தைத்த ரவிக்கைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மண்டபத்தில் இறங்கிவிடுவேன். கல்லூரியில் படிக்கும் மகள் இதற்கு ‘செல்ஃப் கேர்’ என்று பெயர் சொன்னாள். அவள் ஞாயிற்றுக்கிழமை முகத்தில் பச்சையாக எதையோ பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அதுதானாம். பூசிக்கொள்ளட்டும். எனக்கு நண்டு போதும்.

போவது செவ்வாய்க்கிழமை. காரணம் இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று ஏற்பாடு. திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும் விசைப்படகுகள் மறுநாள் காலையில் கரை சேரும். அப்படிப் பார்த்தால் செவ்வாய், வியாழன், ஞாயிறு மீன் புதுசு. ஞாயிறு கூட்டம் தாங்காது. வியாழன் எனக்குத் தோதுப்படாது. செவ்வாயன்று பாதி ஊர் கவிச்சி தொடாது. மெஸ் காலியாக இருக்கும். எங்கள் வீட்டிலும் செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது. மாமியார் முருகனுக்கு நேர்ந்துகொண்டது. நேர்ந்துகொண்டது அவர்கள், நான் இல்லையே!

போன வாரமும் போனேன். மெஸ்ஸில் புதுப் பையன்.

“எத்தனை பேருக்கா?”

“ஒரு ஆளுதான்.”

“பார்சலா?”

“இல்லப்பா, உக்காந்து சாப்பிடத்தான்.”

என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பஸ்ஸிலிருந்து இன்னும் ஆள் இறங்கி வரும் என்று நினைத்திருப்பான் போல. யாரும் வரவில்லை என்றதும் அவன் முகத்தில் ஒரு இரக்கம். “பேமிலி ரூம்ல உக்காருங்கக்கா, பேன் இருக்கு” என்றான். குடும்பத்தை விட்டுத் தப்பி வந்தவளுக்கு பேமிலி ரூம்! ரூம் என்றால் பிளைவுட் தடுப்பு, ஒரு திரைச்சீலை, ஆறு பேர் உட்காரும் மேசை. ஆறு பேர் இடத்தில் கையை அகட்டி உட்கார்ந்தேன்.

இலை வந்தது. சோறு, நண்டுக் குழம்பு. நீலக்கால் நண்டு, இரண்டாக வெட்டியது, நடுவில் மஞ்சளாக முட்டை. குழம்பில் எங்கள் ஊர் முண்டு மிளகாய். அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல்; மூக்கில் தண்ணீர் வரவைப்பது எங்கள் பாட்டி காலத்துக்கு முன்பிருந்தே. பெரிய காலை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்து ஒரு கடி. ஓடு விரிந்ததும் சதை முழுசாக, உடையாமல், சீப்பு மாதிரி வெள்ளையாக வந்தது. யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். உறிஞ்சுகிற சத்தம் எனக்கே கேட்டது. நண்டு தனியாகத்தான் சாப்பிட வேண்டும். கட்டிக்கொண்டவர்கூட அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது.

தடுப்புக்கு அந்தப் பக்கமும் அதே உறிஞ்சல் சத்தம். நம்மைப் போல ஒரு ஜீவன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அங்கே ஒரு போன் அடித்தது. முருகன் பாட்டு.

“ஆங், சொல்லு… இல்ல, பாம்பன்லதான் நிக்கிறேன். பாலத்தத் தூக்கிட்டாங்க, கப்பல் போகுது. ரோட்டுப் பாலத்துல அம்புட்டு வண்டியும் நின்னு வேடிக்க பாக்குது, எப்புடி வர்றது?”

பொய் என்றாலும் தரமான பொய். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், ஓடிய காலத்தில், இரண்டு கையாகப் பிரிந்து மேலே போனது; 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் நடுவில் லிப்ட் மாதிரி நேராக மேலே ஏறும். எது என்றாலும் எங்கள் ஆட்களுக்கு அலுக்காது. வண்டியைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சொல்லி வைத்த மாதிரி என் போனும் அடித்தது. மாமியார். இடது கையால் எடுத்தேன். வாயில் நண்டுக்கால், யோசிக்க நேரமில்லை.

“அத்தை, பாம்பன்லதான் நிக்கிறேன். பாலத்தத் தூக்கியிருக்காங்க…”

தடுப்புக்கு அந்தப் பக்கம் உறிஞ்சல் நின்றது. கொஞ்ச நேரம் பேன் சத்தம் மட்டும். அப்புறம் திரைச்சீலை ஒரு விரல் அளவுக்கு விலகியது. குழம்பு ஒட்டிய விரல். நெற்றியில் பட்டையாக விபூதி.

“ஏத்தா… நீயா?”

சின்ன மாமா. என் மாமனாரின் தம்பி. ஒரு காலத்தில் விசைப்படகு டிரைவர். இப்போது சஷ்டி, கிருத்திகை ஒன்று விடாத பக்திமான். போன மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை கருவாட்டு வாசம் வருகிறது என்று பக்கத்து வீட்டைத் திட்டியவர்.

“மோரு குடிக்கலாம்னு வந்தேன்” என்றார். கையில் நண்டின் கொடுக்கு இருந்தது.

“நானும்தான் மாமா” என்றேன்.

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. அவரவர் இலைக்குத் திரும்பினோம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: பார்த்துவிட்டார் என்பதற்காக எனக்குப் பசி குறையவில்லை. ஒரு முட்டைப் பொரியலும் கேட்டு வாங்கினேன்.

கை கழுவும் இடத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார். என் பில்லையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். லஞ்சம்தான், வேறென்ன.

“இங்க பாருத்தா. விசப்படகுக்கு மூணு நாளு, நாட்டுப்படகுக்கு நாலு நாளுன்னு பிரிச்சாங்கள்ல, சண்ட வரக்கூடாதுன்னு? அதே மாதிரி நாமளும் பிரிச்சுக்குவோம். மொதச் செவ்வா, மூணாஞ் செவ்வா எனக்கு. மத்தது ஒனக்கு.”

“கந்த சஷ்டி வந்தா மாமா?”

“அது தடைக்காலம். ரெண்டு பேருக்கும் பொது.”

சரி என்றேன். துண்டில் கையைத் துடைத்து, மோந்து பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி சோப்புப் போட்டார். பஸ் வந்ததும் என்னை முதலில் ஏறச் சொன்னார்; அவர் அடுத்த வண்டியில் வருவாராம். படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

“ஏத்தா, இனிமே பாலம்னு சொல்லாத. அது என்னோடது. நீ வேற எதாச்சும் யோசி.”