சொ. போய் மெய்யப்பன் வந்த கதை

எங்கள் செட்டிநாட்டு நகரத்தார் பக்கம் கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணின் இனிஷியல் மாறிவிடும். இளையாற்றங்குடிக் கோயிலைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த நான், கணவர் வீட்டாரின் மாத்தூர்க் கோயிலுக்குப் புள்ளியாகிவிட்டேன், அதாவது அந்தக் கோயில் கணக்கில் சேர்ந்துவிட்டேன். கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானமும் எழுதியாகிவிட்டது. எங்கள் இரு வீட்டு ஊர்களான பள்ளத்தூரும் தேவகோட்டையும் அன்றைக்கே ஒப்புக்கொண்டதை ஆதாரும் பான் கார்டும் ஒப்புக்கொள்ளத்தான் மாதக்கணக்கில் ஆனது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமானால் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. என் சின்னம்மா மகள் இன்னும் அவள் அப்பச்சி (அப்பா) இனிஷியலோடுதான் வேலைக்குப் போகிறாள், ஒரு குறையும் இல்லை. எனக்கு மாற்ற ஆசை இருந்தது, மாற்றினேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை திருமணப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் பத்திரிகையைப் புரட்டிய எழுத்தர் கொஞ்சம் திணறித்தான் போனார். 'சொ.முரு.அரு.' என்று மூன்று தலைமுறை வரிசையாக நின்றால் பாவம், அவர்தான் என்ன செய்வார்! "இதுல பொண்ணோட அப்பா யாரும்மா?" என்றார். "கடைசியா இருக்கிற சொக்கலிங்கம்" என்றேன். கல்யாணம் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், நடந்ததால் மண்டப ரசீது என்று காட்ட எதுவும் இல்லை. பத்திரிகையும் கல்யாண போட்டோவும் சாட்சிகளும்தான்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆதார் மையத்துக்கு ஓடாதீர்கள். முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் புதுப் பெயரை ஆங்கிலத்தில் முழுசாக எழுதிப் பாருங்கள். என் பெயர் வள்ளியம்மைக்கு எத்தனை 'எல்', கணவர் பெயர் மெய்யப்பனுக்கு எத்தனை 'ஒய்' என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிட வேண்டும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றவிடுவார்கள். ஒன்றைக் கல்யாணத்துக்குச் செலவழித்தால் மிச்சம் ஒன்றுதான்.

அதைவிடப் பெரிய முடிவு, இனிஷியலா முழுப் பெயரா என்பது. ஆதாரில் 'வள்ளியம்மை மெ' என்று போட இடம் உண்டு. பான் விண்ணப்பத்திலோ கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுதியாக வேண்டும். ஆதாரில் எழுத்து, பானில் முழுப் பெயர் என்று இருந்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்கும்போது இடிக்கும். அதனால் இரண்டிலும் 'வள்ளியம்மை மெய்யப்பன்' என்றே கொடுத்தேன். பாஸ்போர்ட்டுக்கும் அதுவே வசதி. அங்கேயும் இனிஷியல் கிடையாது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, பெயர்க் கட்டத்தில் ஒற்றைப் பெயரை மட்டும் போடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அமீரகம் அறிவித்தபோது பலரும் முழித்தார்கள்.

பான் திருத்தத்துக்குத் திருமணச் சான்றிதழ் போதும், கல்யாணப் பத்திரிகையையும் ஏற்கிறார்கள். கட்டணம் நூற்றுச் சொச்சம் ரூபாய். கல்யாணமானாலும் அந்த அட்டையில் அப்பா பெயர் அப்படியேதான் இருக்கும். புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அப்பச்சி, "ஆத்தாடி, இதுலயாவது நான் இருக்கேனே" என்று சிரித்தார்கள்.

வங்கியில் ஆதார், பான், சான்றிதழ் நகல் மூன்றையும் கொடுத்ததோடு சரி. புதுக் கையெழுத்தையும் அன்றைக்கே பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய காசோலைப் புத்தகத்தோடு பிறகு அலைய வேண்டியிருக்கும்.

ரேஷன் கார்டுதான் பொறுமையைச் சோதித்தது. அப்பச்சி கார்டிலிருந்து என் பெயரை நீக்கினால்தான் மாமியார் வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். நடுவில் சில நாட்கள் நான் எந்தக் குடும்பத்திலும் இல்லை! "ரெண்டு வீட்டுலயும் சீனி கெடையாதா ஒனக்கு?" என்று மாமியார் கேட்டபடியே இருந்தார்கள்.

பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களை நான் தொடவில்லை. அவை பழைய பெயரிலேயே இருக்கட்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது திருமணச் சான்றிதழ் நகலைச் சேர்த்து வைக்கிறேன், இதுவரை யாரும் மறுக்கவில்லை. அசலை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சில இடங்களில் முத்திரையைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.