ராதே ஆற்றங்கரையில் பேசில் பண்டிங்

ஆங்கிலக் கவிஞர் பேசில் பண்டிங்கின் ‘பிரிக்ஃப்ளாட்ஸ்’ நெடுங்கவிதையைப் படித்துவிட்டு, வட இங்கிலாந்தில் அதே பெயருள்ள ஊரைத் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு முதல் குழப்பம் பெயரில்தான். கவிதைத் தலைப்பான பிரிக்ஃப்ளாட்ஸில் இரண்டு ‘ஜி’. வரைபடத்தில் உள்ள ஊருக்கு ஒன்றே ஒன்று. அருகிலுள்ள சிற்றூரின் பெயரையும் ‘செட்பர்’ (Sedbergh) என்றுதான் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு ஒலி கிடையாது.

ரயிலில் வருபவர்கள் ஆக்ஸன்ஹோமில் இறங்கலாம். காரில் வந்தால் எம்6 நெடுஞ்சாலையின் 37-ஆம் சந்திப்பிலிருந்து செட்பர் சுமார் 8 கிலோமீட்டர். அங்கிருந்து ஊர் 2 கிலோமீட்டர்தான். ஏ683 சாலையைவிட ஆற்றோரப் பாதையே நல்லது: மில்த்ராப் பாலத்தருகே ராதே ஆற்றைப் பிடித்து, நீர் போகும் திசையிலேயே நடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் கணுக்கால்வரை சேறு; சாதாரணச் செருப்பு உதவாது. பாதை ஊருக்குள் நுழையாமல் சாலையில் ஏறிவிடும், அங்கேதான் பலர் ஊரைத் தவறவிடுகிறார்கள். ஊருக்குப் போவது மறுபக்கம் வழியில்லாத குறுகிய சந்து. காரை உள்ளே கொண்டுபோனால் திருப்புவது பெரும்பாடு.

சந்துக்குள் இருப்பது 1675-இல் கட்டிய குவேக்கர் கூட்ட இல்லம், அதாவது போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபடும் இடம். வெள்ளையடித்த கற்சுவர், உள்ளே ஓக் மர மேல்மாடம், பெஞ்சுகள். பீடமோ சிலுவையோ இல்லை. படிக்கட்டின் அடியில் ஒரு சிறு மர அடைப்பைப் பாருங்கள்: மேய்ப்பர்களோடு வந்த நாய்களைக் கூட்டம் முடியும்வரை விட்டுவைத்த இடம். குவேக்கர் வழிபாடு பெரும்பாலும் மௌனம். பண்டிங் வளர்ந்த மரபு அது. 1918-இல் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றதும் அதனால்தான்.

சிறுவயதில் விடுமுறைக்கு இங்கே வந்தவர், ஒரு கல்தச்சரின் மகளான பெக்கியை நேசித்தார், பிறகு பிரிந்தார். ஐம்பது ஆண்டு கழித்து எழுதிய கவிதையை அவளுக்கே காணிக்கையாக்கினார். அதில் கல்தச்சர் வானம்பாடியின் கூவலுக்கு ஏற்பக் கொட்டாப்புளியைப் போடுகிறார். அளவுகோலை எழுத்தின் விளிம்பில் வைத்து, விரல்நுனியால் தடவிச் சரிபார்க்கிறார். ஈரக்கல்லை மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் வலிக்கிறது.

முதல் பகுதியில் 12 பத்திகள், பத்திக்கு 13 அடிகள். கடைசி இரண்டு அடிகளில் மட்டும் இயைபு. மனத்துக்குள் படித்தால் இது பிடிபடாது. கவிதையும் இசையைப் போலக் காதால் கேட்க வேண்டியது என்பது பண்டிங்கின் உறுதியான கொள்கை. தொடக்க அடிகளில் ராதேயின் பாட்டுக்கு ஒரு காளை எதிர்ப்பாட்டுப் பாடுகிறது. ஆற்றங்கரையில் நின்று, ‘ர’கரங்களை அழுத்தி, மெல்ல உரக்கப் படியுங்கள். வேகமாகப் படித்தால் அடுத்தடுத்து விழும் ஒற்றையசைச் சொற்கள் குழம்பிவிடும். அவர் குரலிலேயே பதிவு உண்டு. வருவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

பயணத்தை நீட்டிக்க முடிந்தால் நியூகாசிலுக்குப் போங்கள். பழைய நகர மதிலில் ஒட்டியிருக்கும் மார்டன் கோபுரத்தில்தான் 1965 டிசம்பர் 22 அன்று, 65 வயதில், இதை முதன்முதலாக வாசித்தார். அப்போது அவர் உள்ளூர் நாளிதழில் உதவி ஆசிரியர். அதற்கு முன் டெஹ்ரானில் நிருபர். விடுதி வாசலில் தன்னைக் கொல்லச் சொல்லிக் கூச்சலிட்ட கூட்டத்தில் தானும் சேர்ந்து கத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். பாரசீகக் காவியக் கவிஞர் ஃபிர்தௌசியைப் படிப்பதற்காகவே பாரசீகம் கற்று, மகனுக்கு ருஸ்தம் என்று பெயர் வைத்தவர்.

1985-இல் மறைந்தார். அஸ்தி சேர்ந்த இடம் இந்தப் பிரிக்ஃப்ளாட்ஸ் குவேக்கர் இடுகாடு. கூட்ட இல்லத்திலிருந்து சில நிமிட நடைதான்.