டம்ளர் ஃபோட்டோகிராம்: ஒன்பதாவது தாளில் வெள்ளை கிடைத்தது

கேமரா இல்லாமல், ஒளி பட்டால் கறுக்கும் தாள் மேல் பொருளை வைத்து வெளிச்சம் காட்டி எடுக்கும் படம்தான் ஃபோட்டோகிராம். பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டும். இருட்டாக்கிய குளியலறையில் டம்ளரை வைத்துச் செய்துகொண்டிருந்தேன், நேற்று ராத்திரி ஒன்பதாவது தாளில் வெள்ளை வெள்ளையாகவே வந்துவிட்டது. டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசல்) தட்டில் டம்ளரின் விளிம்பு மெல்ல எழும்பியதைப் பார்த்ததும் குளியலறைக்குள் இருந்தே கத்திவிட்டேன். கதவைத் திறக்க முடியாதே! என் வீட்டுக்காரர் வெளியே நின்றபடி "வந்துடுச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது. மூன்று வாரம் ஆனது.

இதற்கு முந்தைய எட்டுத் தாளிலும் ஒரே குறைதான். கறுப்பு நன்றாக விழுந்தது. டம்ளர் மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக இல்லாமல், அழுக்குத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. முதலில் தாளைச் சந்தேகப்பட்டேன். பழைய சரக்கு விற்கும் ஒருவரிடம் வாங்கிய பாக்கெட் அது, ஓரமெல்லாம் ஏற்கெனவே கறுத்திருந்தது. பணம் போனதுதான் மிச்சம். புது இல்ஃபோர்ட் மல்டிகிரேட் தாள் வாங்கி, செலவு கட்டுப்படியாக ஒரு தாளை நாலாக வெட்டிக்கொண்டேன். அதிலும் சாம்பல். அப்புறம் டெவலப்பரின் சூடு. குழாய்த் தண்ணீரே 33 டிகிரியில் வருகிறது. தட்டைப் பெரிய பேசினில் வைத்து, சுற்றிலும் ஐஸ் போட்டு 21க்கு இறக்கினேன். கொஞ்சம் தெளிந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் பிடிபட்டது, தாள் கெடாமல் இருட்டில் வேலை பார்க்க எரியவிடும் சிவப்பு பல்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் காசை வைத்துச் சோதனை செய்துவிட்டுத்தான் ஏமாந்தேன். வெள்ளைத் தாளில் ஒரு ரூபாய் காசை வைத்து, சிவப்பு வெளிச்சத்தில் பத்து நிமிடம் விட்டு டெவலப் செய்தேன். காசின் தடம் விழவில்லை. பல்பு நல்ல பல்பு என்று முடிவு கட்டினேன். அந்தச் சோதனையே தப்பு. ஒளி படாத தாளுக்கு ஒரு மந்தம் உண்டு. கொஞ்சம் வெளிச்சம் வாங்கினால்தான் அது விழித்துக்கொள்ளும். அதனால் முதலில் தாள் முழுவதும் இளஞ்சாம்பல் வரும் அளவுக்கு லேசாக வெளிச்சம் காட்டிவிட்டு, அதன் பிறகு காசை வைக்க வேண்டும். அப்படிச் செய்ததும் மூன்றாவது நிமிடத்துத் தாளிலேயே காசின் வட்டம் தெளிவாகத் தெரிந்தது.

என் பல்பு, வெள்ளை எல்.இ.டி. மேல் சிவப்பு பிளாஸ்டிக் மூடி போட்ட வகை. அந்தக் காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர்தான் ஒரு சிடியை எடுத்து அதில் பல்பின் பிரதிபலிப்பைப் பார்க்கச் சொன்னார். சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் பச்சை தெரிந்தால் அந்த பல்பு டார்க்ரூமுக்கு ஆகாது. என்னுடையதில் பச்சை பளிச்சென்று இருந்தது. (மூன்று தட்டுகளும் ஒரு இடுக்கியும் அவர் கொடுத்தவைதான். காசு வாங்க மறுத்துவிட்டார்.) இப்போது அசல் சிவப்பு எல்.இ.டி., அதுவும் 3 அடியிலிருந்து 6 அடிக்கு ஏற்றிவிட்டேன். தாளில் படும் வெளிச்சம் கால் பங்காகிவிட்டது.

என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) பிரிண்ட் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது. தாள் வெளியே கிடப்பது ஒரு நிமிடமோ என்னவோ. ஃபோட்டோகிராமில் தாள் மேலேயே பொருளை வைத்து, நகர்த்தி, எடுத்து, மறுபடி வைக்கிறோம். எனக்கு 12 நிமிடம் ஆகிறது. அத்தனை நேரமும் தாள் சிவப்பு வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது.

ஃபோட்டோகிராம் செய்த கலைஞர் தம்பதி லாஸ்லோ மொஹோலி-நாகியும் லூசியா மொஹோலியும் 1922இல் பெர்லினில் தொடங்கியபோது ஏன் பகலொளித் தாளை எடுத்தார்கள் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாள் வெயிலில் கண் முன்னாலேயே கறுக்கும். எது எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொருளை நகர்த்தலாம். டெவலப்பர் வேண்டாம். பிறகு பௌஹௌஸ் என்ற ஜெர்மன் கலைப் பள்ளியில் இருந்த நாட்களில்தான் விளக்கொளிக்கும் டெவலப் செய்யும் தாளுக்கும் போனார்கள். அந்தப் படங்களில் உள்ள சாம்பல் அடுக்குகள் டார்க்ரூமில் கைபழகாமல் வரக்கூடியவை அல்ல.

அந்தக் கை லூசியாவுடையது. புகைப்படத் தொழில்நுட்பம் முறையாகத் தெரிந்தவர் அவர்தான். லாஸ்லோவின் படங்களை டெவலப் செய்ததும் பிரிண்ட் போட்டதும் அவர்தான். 1922 கோடையில் ரோன் மலைப் பகுதியில் இருவரும் நடந்துகொண்டே பேசியதில்தான் இந்த யோசனை உருவானது என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் கட்டுரைகளும் ஃபோட்டோகிராம்களும் லாஸ்லோ பெயரில்தான் போயின. 1933இல் நாஜிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியை விட்டுப் போகும்போது லூசியா விட்டுச்சென்ற ஏறத்தாழ 560 கண்ணாடி நெகட்டிவ்கள் பௌஹௌஸை நிறுவிய வால்டர் க்ரோபியஸ் கைக்குப் போய், லூசியா பெயரில்லாமலே அச்சேறின. பௌஹௌஸ் கட்டடம் என்று உலகம் பார்த்த படங்களில் பல லூசியா எடுத்தவை. போராடி 1957இல் திரும்பப் பெற்றது 230. கண்ணாடி நெகட்டிவ் ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மீதி முந்நூற்றுச் சொச்சம் எவ்வளவு பெரிய இழப்பு என்று. எட்டுத் தாள் கெட்டதற்கே எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, நேற்றைய தாள். தகர டப்பாவில் ஊசியால் துளை போட்டு, உள்ளே சின்ன டார்ச்சை வைத்து, 5 அடி உயரத்திலிருந்து மூன்று முறை காட்டினேன், ஒவ்வொரு முறையும் ஒரு நொடி. மொபைல் வெளிச்சம் இதற்கு மிக அதிகம். டம்ளரைப் படுக்க வைத்தேன். தடித்த அடிப்பக்கம் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிட்டதால் தூய வெள்ளை. ஒளி குவிந்த இடங்களில் தலைமுடி போலக் கறுப்புக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்று வளைந்து. இரண்டாவது முறைக்கு முன் டம்ளரை அரை அங்குலம் உருட்டினேன். அங்கேதான் அந்த நடுச்சாம்பல் விழுந்தது.

அடுத்து சில்வர் நைட்ரேட் வாங்கி உப்புத் தாள் செய்து பார்க்க வேண்டும், பகலொளியில் கறுப்பதை நேரிலேயே பார்க்க. தேர்தல் மையில் இருப்பதும் அதுதான், விரலில் பட்டால் பல நாள் போகாது. கையுறை முதலில்.

அதற்கும் முன்னால், லாஸ்லோவும் லூசியாவும் தங்கள் பக்கவாட்டு முகங்களைச் சேர்த்து எடுத்த ஃபோட்டோகிராம் ஒன்று இருக்கிறது. அதுபோல ஒன்று செய்ய ஆசை. தாள் மேல் கன்னம் படிய அசையாமல் படுக்க வேண்டும். வீட்டுக்காரர் சரி என்று சொல்லிவிட்டார். நாலாக வெட்டிய தாள் போதாது, முழுத் தாள் வேண்டும். பாக்கெட்டில் இன்னும் மூன்று இருக்கின்றன. ஒன்பதாவது தாள் இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. காய்ந்தால் வெள்ளை கொஞ்சம் மங்குமோ என்று காலையிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.