எழுதும் முன் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்

சென்னையில் இருந்த பின்னி துணி ஆலையின் தொழிலாளர்களைப் பற்றிய என் புத்தகத்தைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. போன வாரம் சேதி வந்ததிலிருந்து மனசு லேசாக இருக்கிறது. ஜனவரி புத்தகக் காட்சியைக் குறிவைத்து அபுனைவு, அதாவது கதையல்லாத புத்தகம், எழுதிக்கொண்டிருப்பவர்களுக்காக, கையோடு இதை எழுதிவிடுகிறேன். மாதிரி அத்தியாயம், சுருக்கம் அனுப்பும் முறையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

புத்தகம் சீக்கிரம் முடிந்ததற்கு ஒரே காரணம்தான். எந்த அத்தியாயத்தையும் எழுத உட்காரும் முன் வாயால் சொல்லிவிட்டேன். கேட்டவர் ஓட்டேரியில் இருக்கும் அத்தை. புத்தகம் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை, ஆனால் கேட்க உட்கார்ந்தால் லேசில் விடமாட்டார். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணிதான் விட்டார்கள் என்றதும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அரை மணியில எங்கடா வீட்டுக்குப் போய் சாப்பிட்டு வர்றது? கேட்டை மூடிட்டா அன்னிக்குக் கூலி?"

அத்தியாயத்தை அங்கேயே தொடங்கினேன். வாடியா இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறார். அத்தையின் கேள்விகள் இரண்டும் அப்படியே உபதலைப்புகள் ஆயின.

சொல்வதைப் போனில் பதிவு செய்து, அன்று இரவே தட்டச்சு செய்துவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் பேச்சின் ஓட்டம் போய்விடும். தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுபவர்கள் உண்டு. எனக்கு எதிரே ஒரு முகம் வேண்டும்.

அப்புறம் சில:

- வருஷமோ பெயரோ நினைவுக்கு வராவிட்டால் நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். தேட எழுந்தால் அன்றைய எழுத்து போச்சு.
- குறிகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஒரே மூச்சில் எழும்பூர் போங்கள். கன்னிமாரா நூலகமும் ஆவணக் காப்பகமும் அங்கேதான். காப்பக அனுமதிக்கு மட்டும் முன்னாடியே விண்ணப்பித்துவிடுங்கள்.
- முன்னுரை கடைசியில்.

அவசரப்படக் கூடாத அத்தியாயம் ஒன்று உண்டு. எனக்கு அது 1921. மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனது, புளியந்தோப்பில் மூண்ட மோதல். சொல்லி முடித்ததும் அத்தை, "எங்க வீட்ல பெரியவங்க சொன்னது வேற" என்றார். அவர் வீட்டில் அந்த வருஷம் எரிந்த குடிசைகளின் கணக்காகவே நினைவில் இருக்கிறது. சங்கத்தின் தரப்பு, ஆதி திராவிடர் தலைவர் எம்.சி.ராஜாவின் தரப்பு, அரசு ஆவணங்கள், அத்தை சொன்னது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகே அதை எழுதினேன்.

உங்கள் புத்தகத்திலும் அப்படி ஒன்று இருக்கும். மற்ற அத்தியாயங்களை முடித்துவிட்டு அதற்கு வாருங்கள். கெடு நெருங்கினால் பதிப்பாளரிடம் பேசி இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்குங்கள், கேட்டால் தருவார்கள்.