சந்தனப் பொட்டோடு ஒரு ஹெட்லைட்

"தண்ணி ஏறலை, காது உடையலை. நல்லா பாத்து எடுத்துக்குங்க சார்."

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டி சாமான் விற்கிற கடைக்காரர் நீட்டிய மாருதி 800 ஹெட்லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாட்டுகிற இடத்தில் விரிசல் இல்லை. உள்ளே மங்கல் இல்லை.

கண்ணாடி ஓரத்தில் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு. காய்ந்து வெடித்து, நடுவில் துளி குங்குமம்.

1,200 சொன்னார், 700-க்கு முடிந்தது. 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டிக்குப் புதுசு தேடி அலைவதற்கு இது மேல். (பிரேக் சாமான் மட்டும் பழசில் வாங்க மாட்டேன். அதில் மிச்சம் பிடிக்கிற தைரியம் எனக்கு இல்லை.)

பொட்டைக் காட்டினேன்.

"துணி போட்டுத் தேச்சா போயிடும் சார்."

யாரோ ஒருவர் ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அப்புறம் இந்தப் பொட்டையும் வைத்திருப்பார். அந்த வண்டி இப்போது கதவு ஒரு கடையில், பம்பர் ஒரு கடையில் என்று இந்தத் தெரு முழுக்கக் கிடக்கிறதோ என்னவோ. விற்றாரா, இடித்தாரா?

சாயங்காலம் மெக்கானிக் மாட்டிவிட்டார். ரெண்டு பக்கமும் வெளிச்சம் சரியாக விழுகிறது.

பொட்டை இன்னும் துடைக்கவில்லை.